மொழி எடுத்தல்



திருவனந்தபுரத்தில் புதிதாகக் குடியேறும் தமிழர் எவரும் முதல் சில மாதங்கள் சொற்களிடையே தடுமாறுவது இயல்பு. காலையில் மலையாளப் பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினால், ‘மொழி எடுத்தனர்’, ‘மொழி கொடுத்தார்’, ‘மொழி மாற்றினார்’ என்னும் தொடர்கள் அடிக்கடி கண்ணில் படும். நமக்கு மொழி என்றால் பாஷை. இங்கோ, போலீஸ் அதிகாரியிடமோ நீதிபதியிடமோ ஒருவர் கூறும் வாக்குமூலத்திற்கும் மொழி என்றே பெயர். இறக்குந் தறுவாயில் சொல்வது மரணமொழி. சாட்சி முன் சொன்னதை விட்டு வேறொன்று சொன்னால் மொழி மாற்றினார் என்பர். மொழிபெயர்ப்புக்கும் இவ்வூரில் மொழிமாற்றம் என ஒரு பெயர் வழங்குகிறது. நாம் மத்திய அரசாங்கத்தில் அத்தொழிலையே செய்து பிழைப்பவராதலால், இந்த ஒற்றுமை முதலில் நமக்குச் சிரிப்பை விளைவித்தது. அது சிரிக்கத் தக்கதன்று என்பது பின்னரே புலனாயிற்று.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் போலீஸ் நிலையத்தில் ‘மொழி’ கொடுக்கும்போது என்ன நேர்கிறது, என்ன நேர வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். செவிக்கு இனிய பொருளன்று. குடும்பத்தோடு அமர்ந்து கேட்போர் சற்றுக் கூச்சப்படவும் கூடும். ஆயினும் இக்கூச்சத்தின் சுமையை இதுகாறும் பாதிக்கப்பட்டவர்களே தாங்கி வந்திருக்கின்றனர். கேட்பவராகிய நாம் அதில் ஒரு சிறு பங்கை ஏற்பது தவறாகாது.

வாக்குமூலம் எவ்வாறு உருவாகிறது என்று முதலில் பார்ப்போம். அதிகாரி கேட்கிறார், பெண் விடை சொல்கிறாள், ஒருவர் எழுதுகிறார். எழுதி முடித்த தாளில் பெரும்பாலும் கேள்விகள் இரா. விடைகள் மட்டுமே தொடர்ச்சியான ஒரு கதையாக, ‘நான்’ என்று தொடங்கி எழுதப்பட்டிருக்கும். ‘கூச்சல் போட்டாயா?’ என்று அதிகாரி கேட்கிறார். அவள் இல்லையென்று தலையசைக்கிறாள். தாளிலோ, ‘நான் கூச்சலிடவில்லை’ என்று ஏறுகிறது. ‘கதவு தாழிட்டிருந்ததா?’ என்கிறார். ‘தெரியலையே’ என்கிறாள். ‘கதவு தாழிடப்பட்டிருந்ததாக எனக்கு நினைவில்லை’ என்று ஏறுகிறது. கேட்டவர் மறைந்து விட்டார். வலிந்து பெறப்பட்ட விடை, அவளே முன்வந்து உரைத்த கூற்றாகி விட்டது. ஒரு வாக்கியத்தில் எழுவாயை மாற்றினால் பொருள் எவ்வளவு தூரம் போய்விடும் என்பதை நாள்தோறும் கண்டு வரும் எமக்கு, இது சிறிய மாற்றமாகத் தோன்றவில்லை.

இதன் விளைவு உடனே தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் தெரியும். விசாரணையின்போது போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், கூறியவர் கையொப்பமிடலாகாது என்பது சட்டம். அந்தத் தாளை ஆதாரமாகக் கொண்டு குற்றத்தை நிலைநாட்டவும் இயலாது. ஆனால் கூண்டில் நிற்கும் சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று காட்ட எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பயன்படுத்தலாம். முக்கியமான ஒன்றை அப்போது சொல்லாமல் விட்டதே ஒரு முரண்பாடாகக் கொள்ளப்படலாம் என்றும் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. ஆகவே, நள்ளிரவில், நடுங்கும் உடலோடு, அந்நியர் பலர் நடமாடும் அறையில் அமர்ந்து அவள் விட்டுவிட்ட ஒரு செய்தி, பின்னர் அவளையே பொய்யராகக் காட்டும் கருவியாகிறது. பாதிக்கப்பட்டவரிடம் பரிவோடு கேட்க வேண்டும் என்பதைப் பலரும் நற்குணத்தைப் பற்றிய உபதேசமாகவே எண்ணுகின்றனர். நாம் அதனைச் சாட்சியத்தின் தரத்தைப் பற்றிய செய்தி என்று கருதுகிறோம். கேட்கும் முறை பிழைத்தால் உண்மையே பிழைபட்டுப் பதிவாகிறது.

பேரச்சத்தில் மனித உடல் மூன்று வகையாக நடந்து கொள்கிறது: எதிர்க்கிறது, ஓடுகிறது, அல்லது உறைந்து போகிறது. முதல் இரண்டையும் நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். மூன்றாவதைத்தான் நம்ப மறுக்கிறோம். பாம்பின் முன் தவளை அசைவற்றுக் கிடப்பதைக் கண்டவர்கள் கூட, மனிதப் பெண் ஒருத்தி கையையோ குரலையோ அசைக்க இயலாமற் போனாள் என்றால் சந்தேகிக்கின்றனர். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், வன்புணர்ச்சிக்கு ஆளாகி அவசர மருத்துவ நிலையத்துக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் 70 சதவீதத்தினர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவில் உடல் உறைந்த நிலைக்கு ஆளாகியிருந்தனர்; 48 சதவீதத்தினரிடம் அந்நிலை மிகக் கடுமையாக இருந்தது. அதாவது, போராடாமை என்பது விதிவிலக்கன்று.

நினைவின் நிலையும் இதுவே. அச்சத்தின் உச்சத்தில் மனம் சிலவற்றை ஆணி அறைந்தாற்போல் பதித்துக்கொள்ளும். சிலவற்றை அறவே விட்டுவிடும். சுவரில் தொங்கிய நாட்காட்டியின் படம் நினைவிருக்கும். அது எத்தனை மணி என்பது இராது. எது முன், எது பின் என்ற வரிசை குலைந்திருக்கும். ‘முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்’ என்னும் கட்டளைக்கு அவளால் கீழ்ப்படிய முடியாமைக்குக் காரணம் இதுவே. வெளித்தோற்றமும் ஏமாற்றும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் இத்தகைய பெண்களை ஆராய்ந்து 1974-இல் முடிவுகளை வெளியிட்ட ஆன் பர்கெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் என்னும் இருவர், சிலர் அழுது அரற்றியதையும், வேறு சிலர் முகத்தில் சலனமின்றி அமைதியாக இருந்ததையும் குறித்து வைத்தனர். அமைதியாக இருந்தவர் துன்பம் குறைந்தவர் அல்லர். இவள் அழவே இல்லையே என்று வியந்து கொள்ளும் அதிகாரிக்கு, அந்த வியப்பைக் கோப்பில் ஏற்றாமல் இருக்கும் அளவுக்கேனும் பயிற்சி வேண்டும்.

இந்த அறியாமைக்கு நம் நாடு கொடுத்த விலை பெரிது. 1972-இல் மகாராஷ்டிரத்தில், போலீஸ் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்குக் கொடுமை இழைக்கப்பட்டது. மதுரா வழக்கு என்று சட்ட நூல்கள் அதைக் குறிப்பிடும். உடலில் காயமில்லை, கூச்சலிட்டதற்குச் சான்றில்லை என்பவை போன்ற காரணங்களால் 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்ட ஆசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். பணிவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்பதே அக்கடிதத்தின் சாரம். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது.

கேரளத்துக்கு வருவோம். இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி மூணாறை அடுத்த தோட்டப் பகுதி. தமிழ் வழங்கும் ஊர்களுள் ஒன்று. 1996-இல் பள்ளிச் சிறுமி ஒருத்தி அங்கிருந்து கடத்தப்பட்டு, 40 நாட்கள் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டாள். 2000-இல் கோட்டயத்துச் சிறப்பு நீதிமன்றம் 35 பேருக்குத் தண்டனை விதித்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர ஏனையோரை விடுவித்தது. தப்பிச் செல்ல வாய்ப்பு இருந்தும் ஏன் செல்லவில்லை என்ற வினாவே அத்தீர்ப்பின் உயிராக இருந்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளி, மீண்டும் விசாரிக்கப் பணித்தது. 2014-இல் உயர் நீதிமன்றமே 24 பேரின் தண்டனையை உறுதி செய்தது. பதினாறு வயதில் நேர்ந்ததற்கு முப்பத்து நான்கு வயதில் விடை கிடைத்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ‘ஏன் ஓடவில்லை?’ என்ற அந்த ஒரே கேள்வி அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

இக்கேள்வி நம் நாட்டுக்கே உரியது என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1982 ஜனவரியில், தேம்ஸ் பள்ளத்தாக்குப் போலீஸாரின் அன்றாடப் பணியைப் படம் பிடித்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், வன்புணர்ச்சிப் புகாருடன் வந்த பெண்ணைத் துப்பறிவோர் மூவர் அதட்டி உருட்டி அவநம்பிக்கையோடு விசாரித்த காட்சி ஒளிபரப்பாயிற்று. அவர்கள் ஒளித்துச் செய்தாரல்லர்; புகைப்படக் கருவியின் முன்னிலையிலேயே செய்தனர். அதுவே முறை என்று நம்பியிருந்தனர் போலும்! நாடே கொதித்தெழுந்தது. விசாரணை முறைகள் மாறலாயின. 1986-இல் மான்செஸ்டர் நகரின் புனித மேரி மருத்துவமனையில், மருத்துவமும் ஆறுதலும் தடயச் சேகரிப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 2015 முதல் நடைபெறும் ‘சகி’ என்னும் ஒரே இட உதவி மையங்களின் நோக்கமும் ஏறக்குறைய அதுவே.

சரி, கேட்கும் முறைதான் என்ன? ரொனால்டு ஃபிஷர், எட்வர்டு கெய்சல்மன் என்னும் உளவியலார் 1980-களில் ஒரு முறையை வகுத்தனர். அதன் அடிப்படை மிக எளியது: கேள்விகளைக் குறைத்து, பேச விட வேண்டும். ‘உங்களுக்கு எது நினைவிருக்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்’ என்று சொல்லிவிட்டு அதிகாரி வாய் மூடியிருக்க வேண்டும். இடையில் மௌனம் வந்தால் அதனை நிரப்ப முயலலாகாது. பின்னர் கேட்ட ஒலி, நுகர்ந்த வாடை, கண்ணில் பட்ட வெளிச்சம் ஆகியவற்றைப் பற்றி வினவலாம். நினைவு பெரும்பாலும் அவ்வழியாகத்தான் திரும்பி வருகிறது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி எதுவும் குற்றச்சாட்டாகவே காதில் விழும். ‘ஏன் ஓடவில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘அப்போது உங்கள் உடல் எப்படி இருந்தது? மனதில் என்ன ஓடிற்று?’ என்று கேட்டால், உறைந்து போன நிலையே ஒரு சாட்சியமாகப் பதிவாகும். எல்லாவற்றையும் முதல் நாளே பிழிந்தெடுக்கவும் வேண்டியதில்லை. சுருக்கமான தகவலைப் பெற்று, மருத்துவத்துக்கு அனுப்பி, ஓரிரு இரவு உறங்கி எழுந்த பின் விரிவாகக் கேட்பது நன்று.

இது பாதிக்கப்பட்டவர் சொல்வதை ஆராயாமல் நம்பும் முறை என்று சிலர் குறை கூறுகின்றனர். அவ்வாறன்று. நினைவு சிதறியிருந்தால் அது கொடுமை நடந்ததற்கே சான்று என்று யாரேனும் வாதிடுவார்களாயின், அது விஞ்ஞானத்தை அளவுக்கு மீறி நீட்டுவதாகும். சிதறலை வைத்துப் பொய் என்றும் சொல்லக்கூடாது, மெய் என்றும் சொல்லக்கூடாது. சான்றுகளைத் தேட வேண்டும். அதிகாரி தம் சொற்களை அவள் வாயில் ஊட்டாமல் இருப்பது, பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் பாதுகாப்பே.

நம் சட்டத்தில் இவற்றுள் பல ஏற்கெனவே இடம் பெற்றுள்ளன. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நீதியரசர் வர்மா குழு அமைந்தது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவ்விதிகள் தொடர்கின்றன. புகாரைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். வன்புணர்ச்சி வழக்கில் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, பெற்றோர், நெருங்கிய உறவினர் அல்லது சமூக ஊழியர் உடனிருக்கப் பெற வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் பதியலாம். பதிந்ததைப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை இலவசமாகத் தர வேண்டும். வன்புணர்ச்சி போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் அவளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இக்கடைசி விதியை நாம் பெரிதாக மதிக்கிறோம். புகார் கொடுத்த பின் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் வாராத மௌனம் மனிதரை எவ்வளவு அரிக்கும் என்பது, அரசாங்க அலுவலகம் எதிலேனும் மனுக் கொடுத்துக் காத்திருந்த எவருக்கும் ஓரளவு விளங்கும்.

வாக்குமூலத்தை ஒலி, ஒளிக் கருவியில் பதியலாம் என்றும் புதிய சட்டம் கூறுகிறது. அதிகாரி எப்படிக் கேட்டார் என்பது இதனால் காப்பாற்றப்படும். மறைந்து போன கேள்விகள் மீண்டும் தலைகாட்டும். ஆனால் அப்பதிவு வெளியே கசிந்தால் அதைவிடப் பெருங்கேடு வேறில்லை. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் போலீஸ் உயர் அதிகாரியே பத்திரிகையாளரிடம் வெளியிட்டார். அரசாணையிலும் அவள் அடையாளம் இடம் பெற்றது. இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவள் விவரங்களோடு வெளியாயிற்று. கணினி முறையில் நேர்ந்த கோளாறு என்று விளக்கம் அளிக்கப்பட்டது. அங்கும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு. இத்தகைய முதல் தகவல் அறிக்கைகளைப் பொதுவெளியில் வைக்கலாகாது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. கோளாறு கருவியில் இருந்தாலும், காக்க வேண்டிய கடமை மனிதருடையதே.

பெண் அதிகாரி இருந்தால் போதுமே என்று நினைப்போரும் உண்டு. பெண்களுக்கெனத் தனிப் போலீஸ் நிலையம் நம் நாட்டில் முதன்முதல் தோன்றியது இக்கேரளத்திலேயே, 1973-இல், கோழிக்கோட்டில். அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதனைத் திறந்து வைத்தார். தமிழ்நாட்டில் 1992-இல் மகளிர் நிலையங்கள் தொடங்கின. பயனில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. சாதாரண நிலையத்துக்குள்ளேயே பெண்களுக்கென உதவி மேசை அமைத்து, அதற்கு ஒழுங்கான நடைமுறையும் பயிற்சியும் கொடுத்தபோது புகார்கள் கூடுதலாக ஏற்கப்பட்டன. அம்மேசையில் பெண் அதிகாரியும் இருந்தபோதுதான் முதல் தகவல் அறிக்கைகள் தெளிவாகப் பெருகின. பெண்ணும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். இத்துன்பக் கதைகளை நாள்தோறும் கேட்டு எழுதும் அந்தப் பெண் சப் இன்ஸ்பெக்டரின் மனநிலையைப் பற்றியும் யாரேனும் கவலைப்பட்டால் நன்று.

போலீஸ் நிலையமே அச்சத்தின் இருப்பிடமாகி விடும் ஊர்களும் உண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர் சூறையாடியபோது, 18 பெண்கள் கொடுமைக்கு ஆளாயினர். உயர் நீதிமன்றம் தலையிட்டு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்த பின்னரே வழக்கு நகர்ந்தது. 2011-இல் தீர்ப்பு, 2023-இல் மேல்முறையீட்டில் உறுதி. அங்கே கேட்கும் முறையைப் பற்றிப் பேச இடமே இருக்கவில்லை, கேட்பாரே இல்லை.

மருத்துவமனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீஸ் கடிதம் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. உடலிலிருந்து தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை முயலலாம் என்பது 2014-இல் மத்தியச் சுகாதார அமைச்சகம் வகுத்த நெறி. குளித்து விட்டேனே, இனி என்ன பயன் என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அணிந்திருந்த துணிகளைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், உலர்ந்த காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லலாம். இழிவான ‘இரு விரல்’ பரிசோதனையைச் செய்வோர் ஒழுங்கீனம் இழைத்தவராவர் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டு உரைத்தது.

இனி, தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். பெண்ணின் மொழி ஒன்று, எடுப்பவரின் மொழி மற்றொன்று என்றால் என்ன ஆகும்? இது கற்பனையான ஐயமன்று. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், இந்நகரின் சாலைக் கடைத்தெருவிலும், இடுக்கித் தோட்டங்களிலும் பாலக்காட்டு எல்லையிலும் தமிழ் பேசும் பெண்கள் வாழ்கின்றனர். தமிழும் மலையாளமும் சகோதரிகள். ஆகவே துபாஷி எதற்கு என்று எளிதாகச் சொல்லி விடுகிறோம். சகோதரிகளாக இருப்பதே ஆபத்து. ரஷ்ய மொழி என்றால் புரியவில்லை என்று உடனே தெரியும். இங்கே புரிந்துவிட்டதாகத் தோன்றும்.

‘மயங்கிட்டேன்’ என்கிறாள் ஒரு தமிழ்ச் சிறுமி. அவள் கருத்து, நினைவிழந்தேன் என்பது. மலையாளத்தில் ‘மயங்ஙி’ என்றால் கண்ணயர்ந்தாள், சற்றே உறங்கினாள் என்று பொருள் கொள்வர். நினைவிழந்தவளைச் சற்று உறங்கினவளாக எழுதிவிட்டால் சம்மதத்தைப் பற்றிய வழக்கு முழுவதுமே தடம் மாறும். ‘உபத்திரவம் பண்ணினான்’ என்றால் தமிழில் தொல்லை கொடுத்தான் என்ற அளவிலும் அமையும். மலையாளத்து ‘உபத்ரவிச்சு’ இன்னும் கனமானது. நம் கிராமத்துப் பெண் மிகக் கொடியதைச் சொல்ல ஆளும் சொல்லோ ‘கெடுத்துட்டான்’ என்பது. மலையாளத்தில் ‘கெடுத்தி’ என்றால் விளக்கையோ நெருப்பையோ அணைத்தல். ‘கூட்டிட்டுப் போனான்’ என்பதும் ‘கூடப் போனேன்’ என்பதும் ஓரெழுத்து ஈரெழுத்து வேறுபாடுதான். முன்னதில் செய்தவன் அவன், பின்னதில் செய்தவள் அவள்.

பெயரிடும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘கற்பழிப்பு’ என்று நம் பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதி வந்தன. குற்றம் செய்தவனிடமிருந்து எதுவும் அழியவில்லை, அவளிடமிருந்தே ஏதோ அழிந்தது என்று அச்சொல் தீர்ப்பே எழுதி விடுகிறது. அது வழக்கொழிவது நல்லதே. மலையாளப் பத்திரிகைகள் முன்பு ‘இர’ என்று எழுதின. இரை என்பதே அது. 2017-இல் கேரளத்தை உலுக்கிய ஒரு வழக்குக்குப் பிந்திய ஆண்டுகளில் ‘அதிஜீவித’ என்ற சொல் பரவலாயிற்று. துன்பத்தைக் கடந்து வாழ்பவள் என்பது பொருள். தமிழில் ‘மீண்டவர்’ எனலாம். ஆனால் மீண்டுவிட்டேனா என்பதை அவரே சொல்ல வேண்டும். அதுவரை நாம் ‘பாதிக்கப்பட்டவர்’ என்றே எழுதி வருகிறோம்.

சிறுவர் சிறுமியர் திறத்தில் சட்டம் இதை நன்கு உணர்ந்துள்ளது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு விளங்காத மொழியில் புகார் பதிவானால் மொழிபெயர்ப்பாளரையோ உரைபெயர்ப்பவரையோ கட்டணம் கொடுத்து அமர்த்தித் தர வேண்டும். குழந்தையை விசாரிக்கும் அதிகாரி சீருடையில் வரலாகாது என்பதும் அச்சட்டமே. வயது வந்த பெண்ணுக்கு மொழித்துணை வேண்டும் என்பதைச் சட்டம் இவ்வளவு வெளிப்படையாகக் கூறவில்லை. இது ஒரு குறையென்றே கருதுகிறோம். தோட்டத் தொழிலாளியின் மனைவி ஒருத்திக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதால் மலையாளம் வந்துவிடாது. இப்போது நடப்பது என்ன? பக்கத்தில் நிற்கும் கணவனோ, மாமியாரோ, கங்காணியோ எடுத்துச் சொல்கின்றனர். அவர் முன்னிலையில் அவள் எதைச் சொல்வாள், அவர் எதை விடுவார் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

உரைபெயர்ப்பவர் அவளுக்கு எதிரே அமராமல் சற்றுப் பக்கவாட்டில் அமர்வது நலம். அவள் ‘நான்’ என்றால் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இந்தப் பெண் சொல்வதாவது’ என்று தொடங்கலாகாது. வட்டாரச் சொல்லுக்குத் தாமே பொருள் கற்பிக்காமல், ‘அச்சொல்லால் நீங்கள் குறிப்பது என்ன?’ என்று அதிகாரி வாயிலாகவே கேட்க வேண்டும். அவளுடைய சொல்லை அப்படியே மேற்கோளில் வைத்து, பொருளை அடுத்து எழுதச் செய்ய வேண்டும். தேற்றுவதற்காகக்கூடத் தாமாக ஒரு வாக்கியம் சேர்த்தலாகாது. இது கடினம். எதிரே ஒருத்தி அழும்போது வாளாவிருக்க எவருக்கும் மனம் வாராது. ஆயினும் தேற்றுதற்கு வேறொருவர் உடனிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு போக்சோ விதி. அதற்குப் பெரிய பட்டம் எதுவும் கேட்கப்படவில்லை. குழந்தையின் மொழியும் மாநில ஆட்சிமொழியும் பழக்கத்தில் இருக்க வேண்டும். தாய்மொழியாக இருக்கலாம், ஆரம்பப் பள்ளி அளவில் பயின்றதாக இருக்கலாம், அம்மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்து பெற்றதாகவும் இருக்கலாம். இத்தகுதி உடைய ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் தாதியரும் வங்கி ஊழியரும் கரமனையிலும் சாலையிலும் தெருவுக்கு ஒருவரேனும் இருப்பர். வழக்கில் தமக்கு ஒட்டோ உறவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; கேட்டதை வெளியே சொல்லலாகாது; கூட்டாமலும் குறைக்காமலும் முழுமையாகப் பெயர்த்துரைக்க வேண்டும். விதி கேட்பது இவ்வளவே. பெயரைப் பதிவு செய்து கொள்வதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். அவசர உதவி வேண்டுவோர் 112 என்னும் எண்ணையோ, மகளிர் உதவிக்கான 181 என்னும் எண்ணையோ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.